காருக்குப் போன பாராட்டு

பூட்டுக்கடைக்காரர் கார் ஓட்டினால் அவருடைய மனைவி பஸ்ஸில் வருவாள்.

இது சண்டையில் வந்த ஏற்பாடு அல்ல. ஆற அமர யோசித்து அவள் எடுத்த முடிவு. எங்காவது போக வேண்டுமென்றால் இருவரும் ஒன்றாகத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள். ஒன்றாகத்தான் கதவைப் பூட்டுவார்கள். அதாவது அவர் பூட்டுவார், அவள் நிற்பாள். அவர் பூட்டை இழுத்துப் பார்ப்பார், ஆட்டிப் பார்ப்பார், நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். எல்லாம் முடிந்ததும் அவர் காரில் ஏறுவார். அவள் தெருமுனை பஸ் நிறுத்தத்துக்கு நடப்பாள்.

"பஸ்ல காத்து நல்லா வருதுங்க."

"கார்லயும் ஜன்னல் இருக்கு."

"இருக்கு. கூட நீங்களும் இருக்கீங்களே."

சில நாள் பஸ் அவரை முந்திக்கொண்டு போகும். ஜன்னலோரத்திலிருந்து அவள் கையாட்டுவாள். அவர் பதிலுக்கு ஹாரன் அடிப்பார். ஹாரன் ஒன்றுதான் அவர் காரில் தேய்ந்து போகும் அளவுக்கு உழைத்த உறுப்பு.

முன்னால் போகிற வண்டியின் முதுகில் எழுதியிருப்பதை முழுக்க வாசித்து முடித்த பிறகுதான் அவர் பிரேக்கைத் தேடுவார். வாசித்தது பிடிக்கவில்லையென்றால் அதையும் உரக்கச் சொல்வார். இண்டிகேட்டர் போடவே மாட்டார். "வீட்டைப் பூட்டிட்டு எங்க போறோம்னு தெருவுக்கெல்லாம் சொல்லிட்டா போறோம்? நான் எந்தப் பக்கம் திரும்பறேன்னு கண்டவனுக்கு எதுக்குத் தெரியணும்?" என்பது அவர் கட்சி. பூட்டு விற்கிறவருக்குச் சந்தேகம் என்பது முதலீடு மாதிரி. 'இந்தப் பூட்டு உறுதியா?' என்று கேட்கிற வாடிக்கையாளரை அவர் சந்தேகப்படுவார். கேட்காமல் வாங்கிப் போகிறவனை இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுவார்.

மனைவி பல் டாக்டர். கை நடுங்காதவள். ஊரே அவளுடைய நாற்காலியில் சாய்ந்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியிருக்கிறது. அது எப்படிப்பட்ட அனுபவம் என்பது அவளுக்குக் கணவன் கார் ஓட்டும்போதுதான் தெரியும். பஸ்ஸுக்கு மாறுவதற்கு முன்னால், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவளும் காலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அவள் பக்கத்து மிதியடி ஓட்டையானதுதான் மிச்சம். அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது.

வெளியே சிரித்துக்கொண்டாலும் பூட்டுக்கடைக்காரருக்கு உள்ளே வலிக்கத்தான் செய்தது. ஊரில் எல்லாருடைய மனைவியும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நச்சரிக்கிறார்கள். தன் பக்கத்தில் நச்சரிக்கக்கூட ஆளில்லையே என்று சிக்னலில் நிற்கும்போது நினைத்துக்கொள்வார். அது சில விநாடிதான். சிக்னலில் அவர் அதற்கு மேல் நிற்பதில்லை.

அந்தப் பழைய கார் ஒருநாள் கடை வாசலில் நின்றது. அப்புறம் கிளம்பவில்லை. மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்தார், மூடினார், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேச்சு எதுவும் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் மனைவி சொன்னாள்: "புதுசா ஒண்ணு எடுப்போம். நானே பாத்து வச்சிருக்கேன். அந்த வண்டின்னா நானும் ஏறுவேன்."

அவருக்கு உடனே சந்தேகம் வந்தது.

"அப்படி என்ன வண்டி அது?"

"ஓட்டறவருக்கு ஒத்தாசை பண்ணுற வண்டி."

"எனக்கு எதுக்கு ஒத்தாசை?"

"உங்களுக்கு இல்லாட்டி ரோட்ல போறவங்களுக்கு வச்சுக்கங்க."

ஷோரூமில் ஒரு பெண் அவர்களுக்காகக் காத்திருந்தாள். புது வண்டி எடுக்கிறவர்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வது அவள் வேலை. சுத்தமாக, பொறுமையாகப் பேசினாள். பொறுமையாகப் பேசுகிறவர்களைப் பூட்டுக்கடைக்காரருக்குப் பிடிக்காது. எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

"சார், இது தானா ஓடற கார் இல்ல. உங்களுக்கு உதவி மட்டும்தான் செய்யும். கை எப்பவும் ஸ்டியரிங்லதான் இருக்கணும், கண் எப்பவும் ரோட்லதான் இருக்கணும்."

"கையும் என்னுது, கண்ணும் என்னுதுன்னா அது என்னத்தைச் செய்யுது?"

"முன்னாடி போற வண்டிக்கும் உங்களுக்கும் நடுவுல இடைவெளி விடும். கோடு தாண்டினா ஸ்டியரிங்கை மெதுவா உள்ள இழுக்கும். திடீர்னு ஏதாவது குறுக்க வந்தா பிரேக் போடும். எல்லாத்துக்கும் சென்சார் இருக்கு சார்."

"சென்சாரா? என்னை எதுக்கு சென்சார் பண்ணணும்?"

"நீங்க ரோட்ல பேசறதைக் கேட்டா பண்ணத்தான் வேணும்" என்றாள் மனைவி.

ஷோரூம் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சின்னக் கறுப்புப் பொட்டைக் காட்டினாள். "இது கேமரா. நீங்க ரோட்டைப் பாக்கறீங்களான்னு இது பாக்கும்."

பூட்டுக்கடைக்காரர் அந்தப் பொட்டை முறைத்தார். அது அவரைப் பார்த்தது. இருவருக்கும் முதல் பார்வையிலேயே ஒத்துவரவில்லை.

"என்னை வேவு பாக்குது."

"இந்த வயசுல உங்களை ஒண்ணு விடாம பாத்துக்கிட்டு இருக்குதே, சந்தோஷப்படுங்க" என்றாள் மனைவி.

வண்டி வீட்டுக்கு வந்தது. வந்த அன்றே அதன் சக்கரத்தில் சங்கிலி சுற்றி, வாசல் கம்பியோடு சேர்த்துத் தன் கடையிலேயே பெரிய பூட்டாக எடுத்துவந்து பூட்டினார்.

"யாருங்க திருடப் போறாங்க?"

"திருடனுக்குன்னு நினைச்சியா? இது தானா கிளம்பிப் போயிட்டா?"

"டிரைவர் சீட்ல ஆள் இல்லாட்டி அது நகராது. ஓடிப்போறதா இருந்தாலும் உங்களைக் கூட்டிக்கிட்டுதான் ஓடணும். அதுக்கென்ன தலையெழுத்தா?"

முதல் நாள் பயணத்திலேயே போர் தொடங்கிவிட்டது. மனைவி சொன்னபடி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவர் நெடுஞ்சாலையில் ஏறினார். வழக்கம்போல, யாருக்கும் சொல்லாமல், இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத் தாவப் பார்த்தார். ஸ்டியரிங் அவர் கையை மெதுவாகத் திருப்பி இழுத்தது.

"யாரோ இழுக்கறாங்க!"

"யாரும் இழுக்கல. நீங்க இண்டிகேட்டர் போடல. தெரியாம கோட்டைத் தாண்டறீங்கன்னு நினைச்சு அது உள்ள கொண்டுவருது."

"கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்தே நான் போட்டதில்ல."

"தெரியும். கல்யாணத்துக்கு அப்புறமும் நீங்க எந்தப் பக்கம் சாய்வீங்கன்னு எனக்கு இன்னும் புரியல."

"யோவ், விடுய்யா ஸ்டியரிங்கை!" என்று காரைப் பார்த்துக் கத்தினார். கார் விடவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் இண்டிகேட்டரைப் போட்டார். கார் உடனே விட்டுக்கொடுத்தது. அது அவருக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் முன்னால் ஒரு லாரி. முதுகில் ஏதோ எழுதியிருந்தது. வாசிக்கும் ஆசையில் அவர் நெருங்கினார். எழுத்து தெளிவாகத் தெரிய ஆரம்பித்த நேரத்தில் லாரி வேகம் குறைந்தது. அவர் கால் பிரேக்குக்குப் போவதற்கு முன்னால் ஒரு அலறல், ஒரு சிவப்பு வெளிச்சம், வண்டி தானே பிடித்து நின்றது. பெல்ட் அவர் நெஞ்சை அழுத்தியது.

மனைவி மூச்சை விட்டாள். டாஷ்போர்டைப் பார்த்து, மனம் குளிர, "தேங்க்ஸ்" என்றாள்.

பூட்டுக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து அவர் எத்தனையோ தடவை பிரேக் போட்டிருக்கிறார். தாமதமாகத்தான் போட்டிருக்கிறார், இருந்தாலும் போட்டிருக்கிறார். ஒரு தடவையாவது அவள் தேங்க்ஸ் சொன்னதுண்டா?

அதோடு போகவில்லை. இடைவெளி விடுகிற பொத்தானை அவளே அழுத்தினாள். "நீங்க கையை மட்டும் வைங்க. மத்ததை அது பாத்துக்கும்" என்றாள். கார் வெண்ணெயில் போவதுபோலப் போயிற்று. அவர் வாய் மட்டும் ஓயவில்லை. "ஏன்யா இவ்வளவு இடம் விடறே? நடுவுல ஒரு கல்யாண மண்டபமே கட்டலாமேய்யா! போய்யா! அட, போன்னா!" என்று காரைத் திட்டிக்கொண்டே வந்தார். ஆத்திரத்தோடு மனைவி பக்கம் திரும்பினார்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் ஓட்டிய எந்த வண்டியிலும் அவள் கண்ணை மூடியதே இல்லை. மூடியிருந்தால் அது கடவுளைக் கூப்பிடுவதற்காக இருக்கும். இப்போது வாயை லேசாகத் திறந்து, தலையைச் சாய்த்து, குழந்தை மாதிரி தூங்குகிறாள். நேற்று வந்த காரை நம்பித் தூங்குகிறாள்!

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் கார் 'டிங் டிங்' என்று கூவியது. ரோட்டைப் பார்க்கச் சொல்லி மிரட்டியது. சொந்த மனைவியைப் பார்க்கவும் அனுமதி இல்லை.

வீடு வந்து சேரும் நேரத்தில் திரையில் ஒரு காபிக் கோப்பைப் படம் தோன்றியது. கீழே, 'பிரேக் எடுங்கள்' என்றிருந்தது.

"பாத்தியா! பிரேக்கை எடுக்கச் சொல்லுது! பிரேக்கை எடுத்துட்டா வண்டி எப்படி நிக்கும்? நம்மைக் கொல்லப் பாக்குது!"

மனைவி கண்ணைத் திறந்தாள். "ரொம்ப நேரம் ஓட்டிட்டீங்களாம். கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கச் சொல்லுது. நான்கூட உங்களை இவ்வளவு கவனிக்கல" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கப் போனாள்.

அன்றிலிருந்து பூட்டுக்கடைக்காரருக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. காரும் மனைவியும் கூட்டு. இரண்டு பேரும் சேர்ந்து அவரை வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் ஒதுக்கப் பார்க்கிறார்கள்.

மறுநாள் கேமராவின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார். கடைக்குப் போகிற வழி பூராவும் 'ஓட்டுநர் தெரியவில்லை' என்று திரை சொல்லிக்கொண்டே வந்தது. "இங்கதான்யா இருக்கேன்!" என்று இவரும் சொல்லிக்கொண்டே போனார். பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சாயங்காலம் மனைவி டேப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். பல்லில் ஒட்டிக்கொண்டிருப்பதை எடுக்கிற அதே நேர்த்தியோடு நகத்தால் நெம்பி எடுத்தாள்.

"ஓட்டுநர் தெரியவில்லைன்னு சொல்லிக்கிட்டே வந்துச்சு" என்றார் அவர்.

"அது தெரியாம சொல்லியிருக்காதுங்க" என்றாள்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை பிறந்தது. கடையில் ஒரு பெரிய பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கை அப்படியே நின்றது. மனைவிக்குக் கார் மேல்தானே நம்பிக்கை? சரி. காரின் உதவிகளையெல்லாம் அவளுக்குத் தெரியாமல் அணைத்துவிட வேண்டும். கார் எப்படி ஓட்டுமோ அப்படியே தான் ஓட்ட வேண்டும். அவள் வழக்கம்போலக் காரைப் புகழ்வாள். நன்றாகப் புகழட்டும். வயிறு நிறையப் புகழட்டும். அப்புறம் ஒருநாள், சாட்சி வைத்துக்கொண்டு, 'நீ புகழ்ந்ததெல்லாம் என்னை!' என்று உடைக்க வேண்டும். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அதோடு அந்தக் கறுப்புப் பொட்டின் கதையும் முடிந்தது.

தனியாக ஷோரூமுக்குப் போனார்.

"எல்லாத்தையும் அணைக்கறது எப்படிம்மா?"

"எதுக்கு சார்? ஏதாவது கோளாறா?"

"கோளாறு கார்ல இல்ல. வீட்ல."

அந்தப் பெண் தயங்கினாள். அப்புறம் சொல்லிக்கொடுத்தாள். "ஆனா சார், வண்டியை ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் சிலது தானா மறுபடி வந்துடும். நீங்க மறுபடி அணைக்கணும். அணைச்சுட்டா முழுப் பொறுப்பும் உங்களுதுதான். ஜாக்கிரதையா ஓட்டணும் சார்."

"நான் எப்ப அஜாக்கிரதையா ஓட்டினேன்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கிளம்பினார். போகிற அவசரத்தில் ஷோரூம் வாசலில் இருந்த பூந்தொட்டியை உரசிக்கொண்டு போனார்.

முதலில் படிப்பு. சில நாள் காரை அதன் போக்கில் விட்டு, அது என்ன செய்கிறது என்று கவனித்தார். பரீட்சையில் பக்கத்துப் பையனின் தாளை எட்டிப் பார்க்கிற மாணவன் மாதிரி பார்த்தார். எவ்வளவு தூரத்தில் வேகம் குறைக்கிறது, வளைவில் எப்படித் திரும்புகிறது, முன்னால் ஒருவன் புகுந்தால் கோபப்படாமல் எப்படிப் பின்வாங்குகிறது. கடைசியாகச் சொன்னதுதான் அவருக்குப் புரியவே இல்லை. ஒருவன் குறுக்கே புகுகிறான். கார் ஒரு வார்த்தை பேசவில்லை. இடம் விட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறது. இதற்கு ரோஷமே கிடையாதா?

அப்புறம் செயல். காலையில் மனைவி செருப்பைத் தேடுகிற நேரத்தில் இவர் ஓடிப்போய்ப் பொத்தான்களை அழுத்திவிடுவார். அவள் ஏறி உட்காரும்போது ஒன்றும் தெரியாதவர் மாதிரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஓட்டுவது சுலபமாக இல்லை. லாரியின் முதுகில் எழுதியிருப்பதை அரைகுறையாக விட்டுவிட்டு விலகி நிற்பது அவருக்கு நெஞ்சை அறுத்தது. கை தானாக ஹாரனுக்குப் போகும். இழுத்துக்கொள்வார். குறுக்கே வந்தவனைப் பார்த்து நாக்கு நுனிவரை வார்த்தை வரும். கடித்துக்கொள்வார். திருப்பத்துக்கு முன்னால் இண்டிகேட்டர் போடுவார், யாருமே இல்லாத தெருவிலும் போடுவார். சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாதே.

மனைவி எதிர்பார்த்ததற்கு மேலேயே புகழ்ந்தாள்.

"பாத்தீங்களா, எவ்வளவு அழகா நின்னுச்சு! தண்ணி பாட்டில்கூட ஆடல."

"ம்."

"எவ்வளவு மரியாதையா வழி விடுது பாருங்க. இதுக்கு வளர்ப்பு நல்லா இருக்கு."

"ம்."

இறங்கும்போது டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தாள். "சமத்து" என்றாள். தட்டு விழுந்தது டாஷ்போர்டில், சூடு ஏறியது இவர் கன்னத்தில். சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார். இல்லை, சாட்சி இல்லாமல் சொன்னால் எடுபடாது. மூடிக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் சாயங்காலம், கிளினிக்கிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தைத் தாண்டி வருகிற தெரு. இரு பக்கமும் நிறுத்தி வைத்த வண்டிகள். முன்னால் ஒரு வேன் போய்க்கொண்டிருந்தது. அவர் நல்ல இடைவெளி விட்டுப் பின்னால் போனார். வேன் கடந்த மறுகணம், நின்ற வண்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு நாய்க்குட்டி ஓடிவந்தது. கழுத்துக் கயிறு தரையில் இழுபட்டது. அதன் பின்னாலேயே, கயிற்றைப் பிடிக்கக் குனிந்தபடி, ஒரு சின்னப் பெண்.

அவர் எதையும் யோசிக்கவில்லை. கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது. கார் நின்றது. நாய்க்குட்டி எதிர்ப்பக்கம் ஏறிவிட்டது. அந்தப் பெண் ரோட்டின் நடுவில் நிமிர்ந்து நின்று, காருக்குள் இருந்த அவரைப் பார்த்தாள். அவளுக்கும் பம்பருக்கும் நடுவில் ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம். கையசைத்துவிட்டு ஓடினாள்.

பழைய மாதிரி அந்த வேனின் முதுகை ஒட்டிக்கொண்டு போயிருந்தால்?   மனைவியின் கை அவர் கையைப் பிடித்திருந்தது. இறுக்கமாகப் பிடித்திருந்தது. 

பிறகு அவள் கையை எடுத்தாள். டாஷ்போர்டைத் தடவினாள். "தங்கம்" என்றாள். "காப்பாத்திட்டே."

பூட்டுக்கடைக்காரர் வாழ்க்கையில் எத்தனையோ பூட்டுகளைப் பூட்டியிருக்கிறார். அன்று தன் வாயைப் பூட்டியதுபோலக் கஷ்டப்பட்டு எதையும் பூட்டியதில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்த்து, "நான்தான் நிறுத்தினேன்" என்று சொன்னார். அந்த ஆள் ஒத்துக்கொண்டான். அவன் ஒருவன்தான் சாட்சி.

இனி தாமதிக்கக் கூடாது என்று முடிவெடுத்தார். நல்ல வேளையாக, மனைவியின் அண்ணன் வந்து சேர்ந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். யார் ஓட்டினாலும் குறை கண்டுபிடிப்பவர். அவரை அவருடைய ஊரில் கொண்டுபோய் விடுகிற சாக்கில் மூவரும் கிளம்பினார்கள். இவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மலைச்சரிவு, வளைவு, சுங்கச்சாவடி, நெரிசல், எல்லாவற்றையும் கடந்தார்கள். பூட்டுக்கடைக்காரர் அன்று தன் திறமையையெல்லாம் காட்டினார். ஒரு குலுக்கல் இல்லை. ஒரு ஹாரன் இல்லை.

"மாப்பிள்ளை, ரயில்ல போற மாதிரியே இருக்கு" என்றார் மச்சான், பின் சீட்டிலிருந்து. "ரயில்லகூட இப்படி இருக்காது. நான் ஓட்டின ரயில்ல நிச்சயமா இருக்காது."

"எல்லாம் காரோட புண்ணியம் அண்ணே" என்றாள் மனைவி.

இதுதான் சமயம். இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, நெடுஞ்சாலையோர டீக்கடை முன்னால் நிறுத்தினார். மூவரும் இறங்கினார்கள். டீ வந்தது. பூட்டுக்கடைக்காரர் டீயைத் தொடவில்லை. தொண்டையைச் செருமினார்.

"மச்சான், நீங்க சாட்சி. நல்லாக் கேட்டுக்கங்க." மனைவி பக்கம் திரும்பினார். "நாங்க ரெண்டு பேரும் உன்னை ஏமாத்திட்டோம்."

"எந்த ரெண்டு பேரு?"

"நானும் காரும். நீ நினைக்கற மாதிரி கார் எதையும் பாத்துக்கல. எல்லாத்தையும் நான் அணைச்சு வச்சிருக்கேன். இன்னிக்கு மட்டும் இல்ல, கொஞ்ச நாளாவே. நீ சமத்துன்னு சொன்னது என்னை. தங்கம்னு சொன்னது என்னை. வளர்ப்பு நல்லா இருக்குன்னு சொன்னியே, அது எங்கம்மாவை!"

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தார்.

அந்த முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அவள் டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

"தெரியுமே" என்றாள்.

"தெரியுமா? எப்படி?"

"கார் ஓட்டினப்ப நீங்க அதைத் திட்டிக்கிட்டே வந்தீங்க. திடீர்னு ஒருநாள் சத்தமே இல்ல. உடம்பு நல்லா இருக்கறவரு ஒருநாள் முழுக்க யாரையும் திட்டாம வந்தா என்ன அர்த்தம்? வேலை அவர் கையில இருக்குன்னு அர்த்தம். வாயைத் திறக்கவைக்கறதுதான் என் தொழில். மூடினா எதுக்கு மூடறாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப மச்சானுக்கு…"

"தங்கச்சி போன்லயே சொல்லிட்டா மாப்பிள்ளை" என்றார் மச்சான். "ரயில் மாதிரி இருக்குன்னு சொன்னது மட்டும் என் சொந்தச் சரக்கு."

பூட்டுக்கடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். "தெரிஞ்சும் ஏன் காரையே புகழ்ந்துக்கிட்டிருந்தே?"

"உங்களைப் புகழ்ந்திருந்தா மறுநாளே பழையபடி ஓட்டியிருப்பீங்க. எத்தனை வருஷம் கெஞ்சிப் பாத்தேன், அழுது பாத்தேன், பஸ்ல போயும் பாத்தேன். ஒண்ணும் நடக்கல. காரை ரெண்டு வார்த்தை நல்லா சொன்னேன், திருந்திட்டீங்க."

"அந்த நாய்க்குட்டி அன்னிக்குக்கூட…"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "அன்னிக்கு நான் காரையா பிடிச்சேன்? உங்க கையைத்தானே பிடிச்சேன். டாஷ்போர்டைத் தடவினது அப்புறம்தான். அன்னிக்கு அதைச் சொல்லாம இருக்கறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அவருக்கு ஏமாந்த மாதிரியும் இருந்தது, ஜெயித்த மாதிரியும் இருந்தது. இப்படி இரண்டும் சேர்ந்து வந்தால் எதையோ பறிகொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம், என்னவென்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

"சரி. நடந்தது நடந்துடுச்சு. மச்சான் முன்னாடி ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. காரை விட நான் நல்லா ஓட்டறேனா, இல்லியா?"

"ஓட்டறீங்க."

"சத்தமா சொல்லு."

"காரை விட நீங்க ரொம்ப நல்லா ஓட்டறீங்க!"

டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். பூட்டுக்கடைக்காரர் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். அது அவருக்கு அமிர்தமாக இருந்தது. "இனிமே நீ எந்தக் காரையும் நம்ப வேண்டாம். என்னை நம்பு. எங்க போகணும்னாலும் சொல்லு. நான் இருக்கேன்" என்றார், கையை அகல விரித்து.

"எங்க போகணும்னாலுமா?"

"எங்க வேணும்னாலும்!"

"அப்படின்னா நாளையிலிருந்து தினமும் காலையில என்னைக் கிளினிக்ல விட்டுட்டுக் கடைக்குப் போங்க. சாயங்காலம் வந்து கூட்டிக்கிட்டு வாங்க. எங்க நர்ஸும் அந்தப் பக்கம்தான், அவளையும் ஏத்திக்கலாம். அண்ணி அடுத்த வாரம் கண் ஆபரேஷனுக்கு வர்றாங்க, அவங்களைக் கூட்டிக்கிட்டு வரணும், கொண்டுபோய் விடணும். மெதுவா ஓட்டற டிரைவரா வேணும்னு அண்ணன் தேடிக்கிட்டிருந்தாரு."

"இனிமே தேட வேண்டாம்" என்றார் மச்சான், மனநிறைவோடு.

பூட்டுக்கடைக்காரர் மறுபடி வாயைத் திறந்தார். ஆனால் அவர் சொன்னது சாட்சி வைத்துச் சொன்ன வார்த்தை. சாட்சியோ ஏற்கெனவே பின் சீட்டில் ஏறிக் காலை நீட்டிக்கொண்டாயிற்று. அவர் மனைவிக்காக முன் கதவைத் திறந்து பிடித்தார். இனி காரை நம்பி இல்லாமல் தன்னை நம்பியே அந்த சீட்டில் உட்காரப் போகிறாள் என்று கொஞ்சம் பெருமையாகத்தான் பிடித்தார்.

அவள் அவரைக் கடந்து போய்ப் பின் கதவைத் திறந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ ஏன் பின்னாடி உக்காந்தே?"

"நல்ல டிரைவர் அமைஞ்சா எல்லாரும் பின்னாடிதாங்க உக்காருவாங்க" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். "வண்டியை எடுங்க."